பழைய வாகனம் வாங்குமுன்: இயந்திரத்துக்கு முதல் ஆவணத்தைப் பாருங்கள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஓட ஓட விலை குறைய வேண்டிய கார், ஓட ஓட விலை ஏறியது. இறக்குமதி திறந்த பின்பும் வரிகள் சேர்ந்து, புதிய வாகனம் சாதாரண குடும்பத்துக்கு எட்டாத விலையிலேயே நிற்கிறது.

தட்டுப்பாடு எங்களுக்குப் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்தால் போதும். பழுதான இயந்திரத்தை எங்கள் கராஜ்காரர் எப்படியாவது ஓட வைப்பார்கள். பிழையான ஆவணத்தை அவர்களால் திருத்த முடியாது. அதனால் உறவினருக்கு வாகனம் பார்க்கப் போகும்போது, பொனற்றைத் திறக்கச் சொல்வதற்கு முன் பதிவுப் புத்தகத்தைத்தான் நான் கேட்பேன்.

யாருடைய பெயரில் இருக்கிறது?

பதிவு உரிமையாளர் கையெழுத்திட்ட மாற்றப் படிவம், வாங்குபவரின் பெயர் எழுதப்படாமல் பல கை மாறி வருவதையே ‘ஓப்பன் பேப்பர்’ என்கிறோம். தட்டுப்பாட்டுக் காலத்தில் இது கூடுதலாக நடக்கிறது. பெயர் மாறாத வாகனம் எங்கே அகப்பட்டாலும் விசாரணை முதலில் பதிவு உரிமையாளரிடம்தான் போகும். அப்படியான விசாரணை என்றால் என்னவென்று எங்கள் ஊர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திய அற்றோணித் தத்துவத்தைக் கேளுங்கள். இறந்திருந்தால் மரணச் சான்றிதழும் உரித்தாளிகளின் சம்மதமும் வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரில் வாகனம் இருப்பதும் உண்டு. 2016இல் வந்த சட்டத் திருத்தத்தின் கீழ், மரணச் சான்றிதழ் இல்லாமலே காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றைக் குடும்பத்தார் பெறலாம். அதை வைத்துப் பெயர் மாற்ற முடியுமா என்பதைப் பணம் கொடுக்க முன்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு அறியுங்கள். விற்பனை சுலபமாக முடியட்டும் என்று மரணச் சான்றிதழ் எடுக்கும்படி அந்தத் தாயையோ மனைவியையோ நெருக்காதீர்கள். ஒரு கார் அவ்வளவு பெறுமதியானதல்ல.

லீசிங் முடிந்ததா?

பதிவுப் புத்தகத்தில் ‘முழுமையான உரிமையாளர்’ என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை, அல்லது தீர்ந்தும் பெயர் நீக்கப்படவில்லை. விற்பவரின் வாய்ச்சொல் போதாது. இருவருமாக நிறுவனத்துக்குப் போய் மிகுதிப் பணத்தை அங்கேயே கட்டி, விடுவிப்புக் கடிதத்தைப் பெறுங்கள். தவணை நின்றால் நிறுவனம் தேடி வருவது வாகனத்தைத்தான். அதை இப்போது யார் ஓட்டுகிறார் என்று அவர்கள் பார்க்கப் போவதில்லை.

இலக்கங்கள்

செசி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். இலக்கத்தைச் சுற்றி ஒட்டுவேலையோ புதிய பூச்சோ தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் மூன்றிலும் அதே வாகன இலக்கம் இருக்க வேண்டும்.

பிறகு இயந்திரம்

காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். மைல் மீற்றரைக் குறைக்கலாம். ஆனால் தேய்ந்த பிறேக் மிதியும் ஸ்ரியரிங்கும் உண்மையைக் காட்டிவிடும். ஆசனத்தின் அடித் தண்டவாளத்தில் துருவும் விரிப்பில் ஊத்தை மணமும் இருந்தால் வெள்ளத்தில் நின்ற வாகனமாக இருக்கலாம். ஹைபிரிட் என்றால் பற்றரியைக் கணினியில் சோதிக்காமல் விலை பேச வேண்டாம். பார்ப்பவர் நீங்கள் கூட்டிப்போகும் மெக்கானிக்காக இருக்கட்டும், தரகர் காட்டுபவராக வேண்டாம்.

பணம்

முற்பணத்துக்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மிகுதியை வங்கி மூலம், மாற்றப் படிவத்தில் உங்கள் பெயர் எழுதப்பட்ட பின்பே கொடுங்கள். ‘பின்னேரம் இன்னொரு ஆள் வருது, இப்பவே முடிவு சொல்லுங்கோ’ என்று தரகர் அவசரப்படுத்துவார். அந்த ஆளே வாங்கட்டும். காணி விற்ற காசும் நகை அடகு வைத்த காசும் வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய காசும் இரண்டாம் தரம் சேராது. வேறொரு வாகனம் எப்படியும் வரும்.