ஹவுஸ்டாப்: ஒரு போர்வைக் கட்டம் பிறந்த கதை

அமெரிக்காவின் ஒட்டுத்துணிப் போர்வைகளில் ‘லாக் கேபின்’ என்றொரு கட்டம் உண்டு. நடுவில் ஒரு சிறு சதுரம். அதன் ஒரு பக்கத்தில் துணிப்பட்டை ஒன்றை வைத்துத் தைத்து, மடித்து, நகத்தால் அழுத்திவிட்டு, அடுத்த பக்கத்தில் இன்னொரு பட்டையைச் சேர்ப்பார்கள். இப்படிச் சுற்றிச் சுற்றி வர, சதுரம் வளரும். மூலை கோத்து அடுக்கிய மரக்கட்டைக் குடிலின் பெயர்தான் இதற்கு. நடுச் சதுரத்துக்குச் சிவப்புத் துணி வைப்பது வழக்கம். அது குடிலின் அடுப்பு என்று தைப்பவர்கள் வழிவழியாகச் சொல்வார்கள்.

மரக்கட்டைக் குடிலில் பிறந்த ஆபிரகாம் லிங்கன் அதிபராக இருந்த 1860-களில் இந்தக் கட்டம் அங்கே பெரிதும் பரவியது. மூலைக்கு மூலை பிரித்து, ஒரு பாதியில் வெளிர் நிறப் பட்டைகள், மறு பாதியில் அடர் நிறப் பட்டைகள் என்று வைப்பது இலக்கணம். இப்படித் தைத்த சிறு கட்டங்களைப் பல வரிசைகளாகச் சேர்த்தால் ஒரு போர்வை. கட்டங்களைத் திருப்பி வைக்கும் விதத்தில் உழவுச்சால் போன்ற சாய்ந்த கோடுகள் வரும்; ஒன்றுக்குள் ஒன்றாக வைரங்கள் வரும். சுற்றி வராமல் எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றிப் பட்டை சேர்த்தால், ‘கோர்ட்ஹவுஸ் ஸ்டெப்ஸ்’ என்ற படிக்கட்டு வடிவம் கிடைக்கும்.

இந்த இலக்கணத்தை அலபாமா மாநிலத்தின் ஒரு மூலையில் கறுப்பினப் பெண்கள் எடுத்துத் தங்கள் போக்கில் மாற்றினார்கள். அதுதான் ‘ஹவுஸ்டாப்’. ஊரின் பெயர் ஜீஸ் பெண்ட். இன்றைய வரைபடத்தில் பாய்கின். அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்துகொள்ளும் நிலம் அது. 1816-இல் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்திப் பண்ணை அமைத்தார். 1845-இல் அது மார்க் பெட்வே கைக்குப் போனது. அவர் தன் அடிமைகள் சுமார் நூறு பேரை வட கரோலினாவிலிருந்து அலபாமா வரை நடத்தியே கொண்டுவந்தார். அடிமைமுறை ஒழிந்த பிறகும் அவர்களின் வாரிசுகள் அதே மண்ணில் குத்தகைக்குப் பயிரிட்டார்கள். அதனால்தான் ஊரில் இன்றும் பலரின் குடும்பப் பெயர் பெட்வே.

1930-களில் பருத்தி விலை சரிந்தது. ஊருக்குக் கடன் கொடுத்துவந்த வணிகர் 1932-இல் இறந்தார். கடனுக்கு ஈடாக அவர் குடும்பத்தின் ஆட்கள் வந்து மாடு, கோவேறு கழுதை, கலப்பை, சோளம் என்று கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போனார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவு வந்துதான் ஊர் உயிர் பிழைத்தது. 1937-இல் அரசுக்காக ஆர்தர் ரோத்ஸ்டைன் எடுத்த புகைப்படங்களில் அந்த வீடுகளைப் பார்க்கலாம்: மரச்சுவரின் இடுக்கு வழியே காற்று வராமலிருக்க, உட்புறம் முழுவதும் செய்தித்தாள் ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் குளிர்காலத்தைக் கடக்க ஒரு போர்வை போதாது. ஆளுக்குப் பல வேண்டும். அவற்றுக்குக் கடையில் துணி வாங்கப் பணம் இல்லை.

இருந்தது உழைத்துத் தேய்ந்த உடைகள். டெனிம் கால்சட்டை, வேலைச் சட்டை, மாவு மூட்டையும் உர மூட்டையும் பிரித்த துணி. பருத்தி அரவை ஆலையின் தரையில் சிந்திய பஞ்சை எடுத்து அடித்து உள்ளே வைத்தார்கள். ஒரு கால்சட்டையைத் தையல் பிரித்தால் என்ன கிடைக்கும்? முழங்கால் பகுதி தேய்ந்திருக்கும், பின்பக்கம் நைந்திருக்கும், காலின் நீளத்துக்கு ஒரு பட்டை மட்டும் உறுதியாக மிஞ்சும். அதுவும் கீழே குறுகி மேலே அகன்றிருக்கும். அதைச் சிறு துண்டுகளாக நறுக்கினால் ஒவ்வொரு தையல் மூட்டுக்கும் கால் அங்குலம் விட்டு விட்டே துணி வீணாகும். நீளப் பட்டையாகவே வைத்தால் ஒரு நூல்கூட வீணாகாது.

லாக் கேபின் பட்டைகளால் ஆனது என்பதால் கையில் இருந்த துணிக்கு அது பொருந்தியது. ஆனால் இந்தப் பெண்கள் சிறு கட்டங்களை வரிசையாகச் சேர்க்கவில்லை. ஒரே ஒரு கட்டத்தை எடுத்து, அதைப் போர்வை அளவுக்கு வளர்த்தார்கள். நடுவில் உள்ளங்கை அளவு துணி. அதைச் சுற்றிப் பட்டைகள். அவற்றைச் சுற்றி மேலும் பட்டைகள். கட்டில் அளவு வரும்வரை நிற்பதில்லை. நிமிர்த்திப் பிடித்தால், முற்றம் வைத்த நாலுகட்டு ஓட்டு வீட்டை உயரத்திலிருந்து பார்ப்பது போல இருக்கும். வீட்டுக் கூரை என்ற பொருளில் ஹவுஸ்டாப் என்று அவர்கள் பெயர் வைத்தது பொருத்தமே. நடுவை மூலைக்கு நகர்த்தி இரண்டே பக்கம் பட்டை சேர்த்து ‘எல்’ வடிவில் வளர்த்தவர்களும் உண்டு. படிக்கட்டு வடிவத்தையும் இப்படியே பெரிதாக்கி, அதற்கு ‘பிரிக்லேயர்’, அதாவது கொத்தனார், என்று பெயரிட்டார்கள்.

தைக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முதல் சுற்று முடிந்ததும் கட்டம் நேர்ச்சதுரமாக இருக்காது, ஏனென்றால் பட்டைகள் ஒரே அகலம் இல்லை. வழக்கமான தையல்காரர் அங்கே அளவுகோல் வைத்து விளிம்பைச் சீவிவிடுவார். ஜீஸ் பெண்டில் சீவ மாட்டார்கள். அடுத்த பட்டையை அந்தச் சாய்வுக்கே பொருத்துவார்கள். சாய்வு மிஞ்சினால் எதிர்ப்பக்கம் அகன்ற பட்டை ஒன்றை வைத்துச் சமன் செய்வார்கள். சிவப்புப் பட்டை பாதியில் தீர்ந்தால் மீதிக்கு நீலத்தை ஒட்டுவார்கள். அந்த நீலம் எங்கே வந்து முடிகிறது, அதற்கு எதிரே என்ன நிறம் என்பதையெல்லாம் கண்ணே முடிவு செய்யும். இப்படித் தைத்ததை ‘என் வழி’ என்ற பொருளில் ‘மை வே’ போர்வை என்பார்கள்.

மேல்துணியைச் சேர்க்கும் வேலையை ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டில் தனியாகவே செய்வாள். அடித்துணியும் பஞ்சும் வைத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஓட்டத்தையல் போடும்போதுதான் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவார்கள். ஆக, வடிவம் ஒருத்தியின் முடிவு. உழைப்பு ஊருக்குப் பொது. வெயில் காலம் வந்ததும் போர்வைகளைக் காற்றாடக் கொடியிலும் வேலியிலும் போடுவார்கள். யார் என்ன தைத்தாள் என்று அடுத்த வீட்டுக்காரி பார்ப்பது அப்போதுதான். பார்த்ததை அப்படியே எடுக்காமல், தன் கைக்கு ஏற்ப மாற்றித் தைப்பாள். கொடியிலிருந்து கொடிக்குத்தான் இந்த வடிவம் பரவியது.

ஒரு போர்வையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அது ஹவுஸ்டாப் அல்ல, கட்டமும் பட்டையும் கலந்தது; ஆனால் இந்த ஊரின் தையல் எங்கிருந்து வருகிறது என்று அதைப் பார்த்தால் தெரியும். ஊர்ப் பெண் மிசூரி பெட்வேயின் கணவர் இறந்தார். கணவரின் வேலை உடைகளைப் பிரித்து மிசூரி 1942-இல் ஒரு போர்வை தைத்தார். கணவரை நினைத்துக்கொள்ளவும் அன்போடு போர்த்திக்கொள்ளவும் அம்மா அதைத் தைத்தார் என்று மகள் அர்லோன்சியா பின்னாளில் சொன்னார். நீலமும் சாம்பலும் வெயிலில் வெளுத்த துணிகள். வயலில் மண்டியிட்டு உழைத்த தடத்தை மிசூரி மறைக்கவில்லை. அதையே வடிவமாக வைத்தார்.

1960-களில் வாக்குரிமைக்கான போராட்டம் இந்த ஊரையும் எழுப்பியது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மாவட்டத் தலைநகர் கேம்டனுக்குப் போய் வாக்காளராகப் பதிய இவர்கள் முயன்றபோது, 1962-இல் படகு நிறுத்தப்பட்டது. சாலை வழியே சுற்றினால் ஏறக்குறைய 40 மைல். படகு மீண்டும் ஓட 2006 ஆனது. 1965-இல் மார்ட்டின் லூதர் கிங் ஊருக்கே வந்து பேசினார். 1966-இல் பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியாரின் துணையோடு ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவு உருவானது. பெண்கள் கையில் முதன்முறையாகத் தையல் கூலி வந்தது. ஆனால் நகரத்துக் கடைகளுக்கு ஒரே அளவு, ஒரே வடிவம், நேர்க்கோடு வேண்டும். ‘என் வழி’க்கு அங்கே இடமில்லை.

அந்தக் கூட்டுறவே வேறொரு வழியில் ஹவுஸ்டாப்புக்கு உதவியது. 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்கு கார்டுராய் தலையணை உறை தைக்கும் வேலை வந்தது. வெட்டில் மிஞ்சிய துணிகளைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்: பொன் மஞ்சள், அவகாடோ பச்சை, செர்ரிச் சிவப்பு. கார்டுராய் தடித்தது, மூட்டில் இரண்டு மடிப்பு சேர்ந்தாலே ஊசி எளிதில் ஏறாது. ஆகவே பட்டைகளை இன்னும் அகலமாக்கி, சுற்றுகளைக் குறைத்தார்கள். அதன் வரிகள் வெளிச்சம் விழும் கோணத்துக்கு ஏற்ப நிறம் மாற்றிக் காட்டும். ஒரே பச்சைத் துணியைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து இரண்டு பச்சைகளை வரவழைத்தார்கள். வடிவம் மறுபடியும் ஒருமுறை மாறியது.

1990-களின் இறுதியில் வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர் ஊருக்கு வந்து போர்வைகளை வாங்கத் தொடங்கினார். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், அதே ஆண்டு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அவை சுவரில் ஏறின. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் மைக்கேல் கிம்மல்மேன் அவற்றை அமெரிக்கா படைத்த தலைசிறந்த நவீனக் கலைப்படைப்புகளின் வரிசையில் வைத்தார். 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை பத்துப் போர்வைகளைத் தபால்தலைகளாக வெளியிட்டது. உரிமையும் வருவாயும் யாருக்கு என்ற வழக்கும் எழுந்து சமரசத்தில் முடிந்தது.

இந்தப் போர்வைகளைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் வறுமை பெற்ற கலை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வறுமை கொடுத்தது துணியை மட்டும். அந்தப் பஞ்ச காலத்தில் அமெரிக்கத் தெற்கு முழுவதும் எத்தனையோ வீடுகளில் இதே கிழிந்த கால்சட்டை இருந்தது, இதே குளிர் இருந்தது. அங்கெல்லாம் ஹவுஸ்டாப் பிறந்துவிடவில்லை. இங்கே அடுத்தடுத்த வீட்டில் இருந்த இருவர் ஒரே துணியை வைத்துத் தைத்த போர்வைகள்கூட ஒன்றுபோல் இல்லை. லொரெட்டா பெட்வேயின் பட்டைகள் வேறு. மேரி லீ பெண்டால்ஃபின் பட்டைகள் வேறு. ஆனி மே யங்கின் நிறங்கள் வேறு. ஒவ்வொரு சுற்றிலும் எந்தப் பட்டை, எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் என்று ஒரு பெண் நின்று யோசித்து முடிவெடுத்திருக்கிறாள். அந்த முடிவுகளின் தொகுப்புதான் ஹவுஸ்டாப். அதைப் பஞ்சத்தின் கணக்கில் எழுதாமல், பெயர் சொல்லி அந்தப் பெண்களின் கணக்கில்தான் எழுத வேண்டும்.