வீட்டுக்கு வந்த மூச்சு: சுவாசக் கருவிச் சேவை ஒருங்கிணைந்த வரலாறு

மருத்துவ வரலாற்று நூல்கள் சுவாசக் கருவிகளின் கதையைக் கண்டுபிடிப்பாளர்களின் வரிசையாகவே சொல்லிப் பழகிவிட்டன. டிரிங்கர், எமர்சன், இப்சன், சலிவன் என்று பெயர்கள் அடுத்தடுத்து வரும். ஒவ்வொரு பெயருடனும் ஒரு கருவியோ ஒரு முறையோ சேர்ந்து வரும். கருவியோடு நோயாளி வீட்டுக்குப் போன பிறகு நள்ளிரவில் மின்சாரம் நின்றால் யார் வந்தார்கள், காற்றுக் குழாய் கிழிந்தால் யார் மாற்றினார்கள், உதவியாளருக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள் என்பவை அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை. இக்கட்டுரை அந்த அடிக்குறிப்பைப் பற்றியது. பணம் கட்டுபவர், கருவியைப் பழுதுபார்ப்பவர், நோயாளியைக் கவனிப்பவர் ஆகிய மூவரையும் இணைத்த ஏற்பாடு எங்கு உருவானதோ அங்கு மட்டுமே வீட்டுச் சுவாச சிகிச்சை நிலைத்தது. அதை உருவாக்கியதில் மருத்துவ அறிவைவிடச் செலவுக் கணக்கும் நோயாளிகளின் பிடிவாதமும் அதிகம் வேலை செய்தன. அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளின் அனுபவத்தை முதன்மையாகக் கொண்டு இதைப் பார்க்கலாம்.

போலியோ ஆண்டுகள்

1928 அக்டோபரில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில், போலியோ தாக்கிய எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை உலோகப் பெட்டிக்குள் கிடத்தினார்கள். தலை மட்டும் வெளியே. ஹார்வர்டைச் சேர்ந்த ஃபிலிப் டிரிங்கரும் லூயி அகாசிஸ் ஷாவும் வடிவமைத்த அந்த ‘இரும்பு நுரையீரலில்’ அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தவை வாக்குவம் கிளீனரின் ஊதிகள். பெட்டிக்குள் அழுத்தம் குறைந்தால் மார்பு விரிந்து மூச்சு உள்ளே போகும். கூடினால் வெளியே வரும். 1931இல் ஜான் ஹேவன் எமர்சன் இதையே எளிமையாகவும் மலிவாகவும் செய்து காட்டினார். அவருடைய பெட்டியில் நம் பொருளுக்கு முக்கியமான ஒரு வசதி இருந்தது. மின்சாரம் நின்றால் துருத்தியைக் கையால் இயக்கலாம். ஆனால் அதை இழுத்துத் தள்ள ஓர் ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அந்த ஆள் யார் என்பதே அடுத்த ஐம்பது ஆண்டுகளின் கேள்வியாயிற்று.

1952 கோடையில் கோபன்ஹேகனை போலியோ சூறையாடியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் இருந்தவை ஒரு பெட்டிக் கருவியும் மார்புக் கவசக் கருவிகள் ஆறும்தான். சுவாசம் முடங்கிச் சேர்ந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். அழுத்துவதற்குக் கைகள் வேண்டுமே! ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்த கதையாக இதைச் சொல்வது வழக்கம். எனக்கு இது ஒரு ஷிப்ட் அட்டவணையின் கதையாகவும் படுகிறது. கருவி பற்றாதபோது உயிரைக் காத்தது, யார் எப்போது வந்து யாரிடமிருந்து பையை வாங்கிக்கொள்வது என்ற ஒழுங்கு.

பிழைத்தவர்களில் ஒரு பகுதியினருக்குத் தாமாக மூச்சு விடும் ஆற்றல் திரும்பவே இல்லை. அவர்களை எங்கே வைப்பது? 1938இல் அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய குழந்தை வாதத்துக்கான தேசிய அறக்கட்டளை, அமெரிக்காவின் பல பகுதிகளில் சுவாச மையங்களை ஏற்படுத்தியது. கலிஃபோர்னியாவின் டவ்னி நகரிலுள்ள ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனை அவற்றுள் தலையாயது. மருத்துவமனைக் கட்டில் ஒன்றுக்கு ஆகும் செலவையும், வீட்டில் சம்பளத்துக்கு உதவியாளர் வைத்து நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவையும் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி நிர்வாகம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. வீடு மிக மலிவாக இருந்தது. ஆகவே வீட்டு உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்கப் பொதுப்பணம் கிடைத்தது. மனிதநேயமும் இருந்திருக்கலாம், ஆனால் வழியைத் திறந்தது கணக்குதான்.

ராஞ்சோவில் வளர்ந்த இன்னொரு செய்தி இந்த வரலாற்றில் உரிய இடம் பெறுவதில்லை. ‘தவளை மூச்சு’ என்று அங்கே அழைத்தார்கள். வாயில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை எடுத்து, நாக்கைப் பின்னால் தள்ளி, தொண்டை வழியாக நுரையீரலுக்குள் விழுங்குவது. ஆறு முதல் ஒன்பது மிடறு சேர்ந்தால் ஒரு மூச்சு. கழுத்துக்குக் கீழே ஒரு தசையும் அசையாதவர்கள்கூட இதைப் பழகிக்கொண்டு, கருவியில்லாமல் மணிக்கணக்கில் இருந்தார்கள். 1951இல் மருத்துவர் கிளாரன்ஸ் டெயில் இதை விவரித்து எழுதினார். மருத்துவமனைக்கு இது ஒரு பயிற்சி. வீட்டில் இருந்தவருக்கோ, மின்சாரம் போனதற்கும் உதவி வந்து சேர்வதற்கும் இடையிலான நேரத்தைத் தாண்ட உதவிய உயிர்க்காப்பு.

1955இல் போலியோவைத் தடுக்கும் சால்க் தடுப்பூசி வந்தது. 1958இல் அந்த அறக்கட்டளை தன் கவனத்தைப் பிறவிக் குறைபாடுகளின் பக்கம் திருப்பிக்கொண்டது. புதிய நோயாளிகள் குறைந்தார்கள்; பழைய நோயாளிகளின் மூச்சுத் திணறல் மட்டும் குறையவில்லை. கிளீவ்லாந்து மருத்துவமனை ஒன்றின் போலியோ நோயாளிகளும் தன்னார்வலர் ஜினி லாரியும் சேர்ந்து அதே ஆண்டில் ‘டூமி ஜே கெசட்’ என்ற சிற்றிதழைத் தொடங்கினார்கள். வீடு திரும்பியவர்கள் தங்களுக்குள் தொடர்பு விட்டுப்போகாமல், அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள அது உதவியது. அறக்கட்டளை விட்ட இடத்தை ஓர் இதழ் ஓரளவு நிரப்பியது என்பதே உண்மை.

இங்கிலாந்தின் வழி

இங்கிலாந்தில் நெருக்கியவர்கள் நோயாளிகள். 1958இல் கென்யாவில் போலியோ தாக்கிக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த ராபின் காவெண்டிஷ், மருத்துவர்களின் எச்சரிக்கையை மீறி மனைவி டயானாவுடன் வீட்டுக்குப் போனார். பில்ட்டவுன் மனிதன் என்ற தொல்லியல் புரட்டை அம்பலமாக்கியதில் பங்குகொண்ட ஆக்ஸ்ஃபோர்ட் விஞ்ஞானி டெடி ஹால், அவருக்காகச் சுவாசக் கருவி பொருத்திய சக்கர நாற்காலி ஒன்றை 1962இல் வடிவமைத்தார். தனக்குக் கிடைத்ததோடு காவெண்டிஷ் நிற்கவில்லை. மற்றவர்களுக்கும் அத்தகைய நாற்காலி கிடைக்க நிதி தேடினார். அரசு அலுவலகங்களின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

லண்டனில் மருத்துவர் ஜெஃப்ரி ஸ்பென்சர் நடத்திய சுவாசப் பிரிவு இதற்கு நிறுவன வடிவம் கொடுத்தது. பின்னாளில் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்கு மாறிய அப்பிரிவு, தானே போலியோவால் பாதிக்கப்பட்ட பிரபுக்கள் சபை உறுப்பினர் ஃபெலிசிட்டி லேன்-ஃபாக்ஸின் பெயரைத் தாங்கியது. நோயாளியைத் தேடிக் கருவியைப் பழுதுபார்ப்பவர் வீட்டுக்குப் போவார். நோயாளிக்கு உடம்பு மோசமானால் அவரை நன்றாக அறிந்த அதே பிரிவில் கட்டில் காத்திருக்கும். கருவியும் மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் இருந்ததே இந்த ஏற்பாட்டின் பலம். அந்தக் கூரைக்குத் தொலைவில் வாழ்ந்தவர்களுக்கு அதுவே பலவீனம்.

ஆக்ஸிஜன்: சிலிண்டரிலிருந்து செறிவூட்டிக்கு

போலியோ நோயாளிகள் சில ஆயிரம் பேர்தான். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளும் சேர்ந்த பிறகே வீட்டுச் சுவாச சிகிச்சை பெருந்திரளின் பிரச்சினையாயிற்று. டென்வரில் மருத்துவர் தாமஸ் பெட்டி 1960களில், நடமாடும்போதே ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்ளும் முறையைச் சோதித்தார். இரண்டு ஆய்வுகள் நீண்டகால ஆக்ஸிஜன் சிகிச்சைக்கு அசைக்க முடியாத அடித்தளம் போட்டன. 1980இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 203 நோயாளிகள். இரவில் மட்டும் ஆக்ஸிஜன் பெற்றவர்களைவிட ஏறத்தாழ நாள் முழுதும் பெற்றவர்கள் அதிகம் பிழைத்தார்கள். 1981இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகம் வெளியிட்ட ஆய்வில் 87 பேர். நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்ஸிஜன் பெற்ற 42 பேரில் ஐந்தாண்டுக்குள் 19 பேரும், பெறாத 45 பேரில் 30 பேரும் இறந்தார்கள்.

பதினைந்து மணி நேரம் என்று எழுதிக் கொடுப்பது எளிது. நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் பதினைந்து மணி நேரத்துக்கு 1800 லிட்டர் ஆகும். அன்று இங்கிலாந்து வீடுகளுக்கு மருந்துக் கடை வழியாக வந்த பெரிய சிலிண்டரின் கொள்ளளவு 1360 லிட்டர். ஆக, வாரத்துக்கு ஒன்பது சிலிண்டருக்கும் மேல். மூச்சு வாங்கும் முதியவர் ஒருவர் வாழும் மாடி வீட்டுக்கு வாரந்தோறும் இத்தனை சிலிண்டர்களை ஏற்றி இறக்க வேண்டும். அறைக் காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டி இந்தச் சுமையை நீக்கியது. 1985 டிசம்பரில் அது இங்கிலாந்து, வேல்ஸ் தேசிய மருத்துவச் சேவையின் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு ஆகும் மின்கட்டணத்தையும் அரசு திருப்பிக் கொடுத்தது. மின்கட்டணத்தைக்கூட நினைத்துப் பார்த்த அரசு, இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைச் சோதிக்காமலே குடும்ப மருத்துவர் எழுதித் தரலாம் என்ற ஓட்டையை நெடுங்காலம் அடைக்கவில்லை. 2006 பிப்ரவரியில் விநியோகம் வட்டாரவாரியாக ஒப்பந்த நிறுவனங்களிடம் போன பிறகே, நிபுணரின் மதிப்பீடு என்ற எண்ணம் சேவையின் மையத்துக்கு வந்தது.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. லாப நோக்கமற்ற வட்டார சங்கங்கள் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தன, பராமரித்தன, செவிலியரையும் தொழில்நுட்பரையும் வீட்டுக்கு அனுப்பின. சமூகக் காப்பீடு ஒரு நிலையான தொகையை அவற்றுக்குக் கொடுத்தது. 1981இல் இச்சங்கங்கள் ‘அன்டாதீர்’ என்ற தேசியக் கூட்டமைப்பாக இணைந்தன. எனக்கு இந்த மாதிரியே மூன்றிலும் சிறந்ததாகத் தோன்றுகிறது. காரணம், அது தன்னைத் தானே கணக்குப் பார்த்துக்கொண்டது. 1984 முதல் 1993 வரையிலான 26,140 நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு அது தன் விளைவுகளை ஆராய்ந்து வெளியிட்டது. வீட்டில் ஆக்ஸிஜன் பெறும் 930 பேரை ஆராய்ந்த 1996ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வு ஒன்று சங்கடமான உண்மையையும் மறைக்கவில்லை: 15 மணி நேரமோ அதற்கு மேலோ உண்மையில் ஆக்ஸிஜன் எடுத்துக்கொண்டவர்கள் 45 விழுக்காட்டினர் மட்டுமே. கருவி போய்ச் சேர்ந்தது; சிகிச்சை பாதி வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

அயோவாவின் சிறுமி

அமெரிக்காவில் மீண்டும் கணக்கே கதவைத் திறந்தது. அயோவாவின் சீடர் ராப்பிட்ஸ் நகரில் 1978இல் பிறந்த கேட்டி பெக்கெட், சில மாதக் குழந்தையாக இருக்கும்போதே மூளைக்காய்ச்சல் தாக்கி வென்டிலேட்டரைச் சார்ந்தாள். மூன்று வயதில் வீட்டுக்குப் போகும் நிலைக்கு வந்துவிட்டாள். ஆனால் மருத்துவமனையில் இருக்கும்வரை அவளுக்குச் செலவழித்த அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்ட், வீட்டுக்குப் போனால் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் சேர்த்து உதவியை நிறுத்திவிடும். வீட்டுச் செலவு மருத்துவமனைச் செலவில் ஆறில் ஒரு பங்குதான். 1981 நவம்பரில் அதிபர் ரீகன் செய்தியாளர் கூட்டத்தில் இந்த முரணைச் சுட்டிக்காட்ட, விதிக்கு விலக்கு கிடைத்து கேட்டி வீடு திரும்பினாள். அடுத்த ஆண்டு இயற்றிய சட்டம், விரும்பும் மாநிலங்கள் இவ்வழியைப் பின்பற்ற இடமளித்தது. 1982 டிசம்பரில் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப், வென்டிலேட்டர் சார்ந்த குழந்தைகளை முன்வைத்து ஒரு பயிலரங்கையே நடத்தினார். சிகாகோ மருத்துவர் ஆலன் கோல்ட்பெர்க் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போய் அங்குள்ள ஏற்பாடுகளைப் படித்துவந்தார்.

அந்த ‘ஆறில் ஒரு பங்கு’க் கணக்கில் எனக்கொரு முறையீடு உண்டு. தொண்டைத் துளையில் சளி அடைத்தால் நடு இரவில் எழுந்து உறிஞ்சுகுழாய் போட்டவர் கேட்டியின் தாய் ஜூலி. அவருடைய தூக்கத்துக்கு அந்தக் கணக்கில் விலையில்லை. வீட்டுச் சிகிச்சை மலிவு என்று சொல்லும் ஆவணங்கள் பெரும்பாலும் தாயின் அல்லது மனைவியின் கூலியைப் பூஜ்யமாகவே போட்டிருக்கின்றன.

முகக்கவசக் காலம்

1981இல் சிட்னியின் காலின் சலிவன், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவோருக்கு மூக்குவழி காற்றழுத்தம் தரும் முறையை வெளியிட்டார். அவருடைய தொடக்கக் கருவியிலும் வாக்குவம் கிளீனர் மோட்டார் இருந்தது என்பது டிரிங்கரை நினைத்துச் சிரிக்க வைக்கிறது. 1980களின் பிற்பகுதியில் தசைநோயாளிகளும் முகக்கவசம் வழியாகவே வென்டிலேட்டரைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். தொண்டைத் துளையின் தேவை குறைந்தது, எண்ணிக்கை பெருகியது.

பெருகிய எண்ணிக்கை பழைய கேள்வியைக் கூர்மையாக்கியது. 16 ஐரோப்பிய நாடுகளில் நடத்தி 2005இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, வீட்டு வென்டிலேட்டரில் 21,526 பேர் இருப்பதாகக் கண்டது. சராசரி லட்சத்துக்கு 6.6 பேர். டென்மார்க்கில் 9.6, போலந்தில் 0.1. கருவிகள் எல்லாச் சந்தைகளிலும் கிடைத்தவையே. கோபன்ஹேகனின் ஷிப்ட் அட்டவணையைக் கண்ட நாடு, வீட்டு உதவியாளர்களுக்குப் பொதுப்பணத்தில் சம்பளம் கொடுத்துவந்தது. ஸ்பெயினில் 300 நோயாளிகளின் வீடுகளுக்கே போய் அளந்தவர்கள், மருத்துவர் எழுதிய அளவும் கருவியில் வைத்திருந்த அளவும் உண்மையில் வெளிவந்த காற்றும் பல வீடுகளில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று 2006இல் எழுதினார்கள்.

கருவியைவிட ஏற்பாடே முக்கியம் என்ற வாதத்துக்கு 2017இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு வலுவான சான்று. கடும் நுரையீரல் அடைப்பால் மருத்துவமனையில் சேர்ந்து குணமான 116 பேரில், வீட்டில் ஆக்ஸிஜனோடு வென்டிலேட்டரும் பெற்றவர்கள் மீண்டும் சேர்வதற்கோ இறப்பதற்கோ ஆன இடைநிலைக் காலம் 4.3 மாதம், ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களுக்கு 1.4 மாதம். யாருக்குக் கருவி கொடுப்பது என்பதை நோய் தணிந்து இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து இரத்தத்தில் கரியமில வாயுவை மறுபடி அளந்துதான் முடிவு செய்தார்கள். அந்த அளவீட்டுக்கு நோயாளியைத் திரும்ப அழைக்கும் பொறுப்பு யாருடையது என்று எழுதிவைக்காத மருத்துவமனையில், எத்தனை கருவிகள் இருந்தாலும் அந்தப் பலன் கிடைக்காது.