தோட்டத் தொழிலாளரின் சந்தாவும் கணக்குரிமையும்

மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் வரலாறு பெரும்பாலும் தலைவர்களின் வரலாறாகவும் வேலைநிறுத்தங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வியக்கத்தைத் தாங்கி நின்ற சந்தாப் பணம் உரிய கவனத்தைப் பெறவில்லை. ஆயின், எவர் செலுத்தினர், எவர் கணக்கு வைத்தனர் என்னும் வினாக்கள் தோட்டத்தின் வர்க்க உறவுகளைத் துலக்கமாகக் காட்டுவன.

தோட்டத் தொழிலாளிக்குக் கணக்குப் புதியதன்று. ஆனால் அது பிறர் கையிலிருந்த கணக்கு. கங்காணியின் ஏட்டில் வழிச்செலவும் முற்பணமும் கடனாக ஏறின. சம்பளத்தில் அரிசியின் விலை கழிக்கப்பட்டது. கடன்தொகையைக் குறித்த 'துண்டு' கொண்டே தொழிலாளர் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்பட்டனர். 1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் பேர் போடும் அதிகாரம் நிர்வாகத்திடமே நிலைத்தது.

1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். சங்கச் சந்தா, தொழிலாளி தன் வர்க்கத்துக்கெனத் தானே மனமுவந்து அளித்த பணமாகும். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், பதிவுபெற்ற சங்கங்கள் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்ட கணக்கைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டுமென விதித்தது. கணக்கேடுகளைப் பார்வையிடும் உரிமையை அங்கத்தவருக்கு அளித்தது. கணக்கால் கட்டுண்டிருந்தவன் கணக்குக் கேட்கும் உரிமை பெற்றான் என்பதே இதன் வரலாற்று முக்கியத்துவம்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனையொட்டிய வாக்குரிமை இழப்பும் இவ்வுரிமைக்குப் புதிய கனத்தைத் தந்தன. பாராளுமன்றத்தில் குரலிழந்த மக்களுக்குச் சங்கமே பிரதிநிதித்துவ நிறுவனமாயிற்று. சந்தா ஏறத்தாழ வரியின் தன்மையை அடைந்தது. பிற்காலத்தில் அதனை நிர்வாகமே சம்பளத்திலிருந்து கழித்துச் சங்கத்துக்கு அனுப்பும் முறை பரவியது. சங்கத்தின் வருமானம் உறுதிப்பட்டது. ஆனால் மாதந்தோறும் லயத்துக்கு வந்து சந்தா கேட்பவரிடம் தொழிலாளி எதிர்க்கேள்வி கேட்கும் வாய்ப்பு அருகியது.

பங்களிப்பின் நியாயமும் இங்கு நோக்கத்தக்கது. 1929இல் மலைநாட்டுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். ஆண், பெண் சம்பள வேறுபாடு 1984 வரை நீடித்தது. இத்தகைய நிலையில் இருபாலாரிடமும் ஒரே தொகையை அறவிடுதல் சமத்துவம் போலத் தோன்றினும், கொழுந்து பறிக்கும் பெண்ணின் தோளிலேயே அது கூடுதலாக அழுத்தும். அரைப்பேர் பெற்றவருக்கும் முழுப்பேர் பெற்றவருக்கும் இடையிலும் இவ்வாறே.

சந்தாவைச் சுட்டிச் சங்கத்தையே பழிக்கும் தோட்ட முதலாளிகளின் வாதம் வேறு; தன் சங்கத்தின் வரவுசெலவைத் தொழிலாளி கேட்டல் வேறு. முன்னது அமைப்பைச் சிதைப்பது. பின்னது அதனை அவன் உடைமையாக்குவது. கணக்கு ஆங்கிலத்தில் தலைமையகத்தோடு நின்றுவிடாது, தமிழில் தோட்டக் கமிட்டிகளின் முன் வாசிக்கப்படும்போதுதான் 1935இன் ஏட்டுரிமை வாழ்வுரிமையாகும்.