வார்ட்ரோப் செய்யப் போறீங்களா? ஆசாரிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

புது வீடு கட்டியவர்களும் ஃபிளாட் வாங்கியவர்களும் கடைசியாக வந்து நிற்கும் இடம் பெட்ரூம் வார்ட்ரோப். டைல்ஸ், பெயின்ட் என்று கையில் இருந்த பணம் கரைந்த பிறகு தொடங்கும் வேலை இது. அதனால் "எப்படியாவது சீக்கிரம் முடிஞ்சா போதும்" என்ற அவசரம் வந்துவிடுகிறது. வாய்ப்பேச்சாகவே வேலையை ஒப்படைத்து, பாதிப் பணத்தை அட்வான்ஸாகக் கொடுத்து, பிறகு கார்பெண்டரின் போனுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம்.

வார்ட்ரோப் வேலையைத் திட்டமிடுவது எப்படி? ஆளை எப்படிப் பிடிப்பது? கணக்கை எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் டேப், அப்புறம்தான் டிசைன்

போனில் பார்த்த டிசைனைக் காட்டும் முன் அறையை அளக்க வேண்டும். துணி மாட்டும் வார்ட்ரோப்புக்கு 2 அடி ஆழம் தேவை. ஹேங்கரே 17, 18 இன்ச் அகலம் இருக்கும். ஆழம் குறைந்தால் சட்டைத் தோள் கதவில் உரசும். ஸ்லைடிங் கதவு என்றால் தண்டவாளத்துக்கு மட்டும் ஏறக்குறைய 4 இன்ச் போய்விடும்.

10-க்கு 10 அறையை எடுத்துக்கொள்வோம். வார்ட்ரோப்புக்கு 2 அடி, 5 அடி அகலக் கட்டில் பக்கவாட்டில் கிடந்தால் நடுவில் 3 அடி மிஞ்சும். கதவைத் திறந்து நிற்க இது போதும். அதே கட்டிலின் கால்மாடு வார்ட்ரோப்பைப் பார்த்திருந்தால், ஆறரை அடி மெத்தை போக மிச்சம் ஒன்றரை அடிதான். கதவு கட்டிலில் இடிக்கும். அங்கே ஸ்லைடிங் தவிர வேறு வழியில்லை.

பலரும் மறப்பது மின்விசிறி. லாஃப்ட் கதவைத் திறந்தால் ஃபேன் இறக்கையில் மோதுமா என்று பார்த்துவிடுங்கள். சுவிட்ச் போர்டு, ஏசி பைப் எதுவும் பலகைக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளக் கூடாது. அம்மாவின் ஸ்டீல் பீரோ எங்கே போகும் என்ற கேள்வியையும் இப்போதே தீர்த்துக்கொள்வது வீட்டு அமைதிக்கு நல்லது.

பிறகு துணிகளை எண்ணுங்கள். மாட்டும் துணி எவ்வளவு, மடிக்கும் துணி எவ்வளவு, பட்டுப்புடவை எத்தனை? நீளமான குர்தா, கவுன் மாட்ட 5 அடி உயரம் வேண்டும், சட்டைக்கு மூன்றரை அடி போதும். இதை ஒரு தாளில் கோடு போட்டு வரைந்து, ஒவ்வொரு தட்டின் உயரத்தையும் எழுதிவிட்டால் பாதி சண்டை குறையும். சென்னையில் இந்த வேலைக்கு வருபவர்களில் ராஜஸ்தான், உத்தரப்பிரதேசக் கார்பெண்டர்களும் உண்டு. அவர்களுக்கு நம் தமிழைவிட அந்தப் படம் தெளிவாகப் புரியும்.

சுவர் ஈரமா இருக்கா?

பாத்ரூமை ஒட்டிய சுவரிலும், மழை அடிக்கும் வெளிச்சுவரிலும் வார்ட்ரோப் வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. வேறு இடமே இல்லை என்றால் முதலில் கசிவைச் சரிசெய்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பலகை ஏற வேண்டும். கரையான் மருந்தும் அதற்கு முன்பே. அடியில் 4 இன்ச் உயர்த்திச் செய்தால் வீடு துடைக்கும் தண்ணீர் பலகையைத் தொடாது.

வெள்ளம் வரும் பகுதி என்றால் இன்னும் கவனம் தேவை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையின் தாழ்வான பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பார்ட்டிகிள் போர்டு தண்ணீரில் ஊறினால் உப்பிவிடும். காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

எந்தப் பலகை?

கொட்டேஷனில் "எஞ்சினியர்ட் வுட்" என்று எழுதியிருந்தால் விடாமல் கேளுங்கள். பார்ட்டிகிள் போர்டும் அதுதான், எம்டிஎஃப்பும் அதுதான். இரண்டுக்கும் விலையும் உழைப்பும் வேறு. பார்ட்டிகிள் போர்டில் ஒருமுறை கழற்றிய ஸ்க்ரூ மறுபடி இறுகப் பிடிக்காது. அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கு இது ஒத்துவராது.

பிளைவுட் என்றால் ஐஎஸ்ஐ முத்திரையோடு உள்ள எண்ணைப் பாருங்கள். 303 என்றால் பொதுப் பயன்பாட்டு பிளைவுட், 710 என்றால் மரைன் பிளைவுட். பெட்ரூமுக்கு எல்லா இடத்திலும் 710 தேவையில்லை. ஈரச் சுவர், தரைத்தளம் என்றால் செலவு செய்யலாம். முத்திரையில் உள்ள உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் அது உண்மையானதா என்று தெரிந்துவிடும். "18 எம்எம்" என்று சொல்லி 16 எம்எம் இறக்குவதும் நடக்கும், எனவே ஷீட் வந்து இறங்கும்போதே விளிம்பை அளந்துவிடுங்கள்.

ஏழு அடிக் கதவு ஒரே பலகையில் செய்தால் வளைய வாய்ப்பு அதிகம். நீளக் கதவுக்கு பிளாக் போர்டு ஓரளவு தாங்கும். எதில் செய்தாலும் கதவின் இரண்டு பக்கமும் லேமினேட் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, உள்ளே பெயின்ட் அடித்துக் காசு மிச்சம் பிடித்தால் கதவு வளையும். அந்த உயரக் கதவுக்கு கீல் நான்கு வேண்டும், மூன்று போதாது.

ஆசாரியா, கான்ட்ராக்டா, மாடுலர் கம்பெனியா?

பொருளை நீங்கள் வாங்கிக் கொடுத்து ஆசாரிக்குக் கூலி மட்டும் கொடுப்பது ஒரு முறை. தரம் உங்கள் கையில் இருக்கும், அலைச்சலும் உங்களுடையதே. பொருளோடு சேர்த்துக் கான்ட்ராக்ட் விடுவது அடுத்தது. அலைச்சல் இல்லை, ஆனால் பலகையில் கைவைக்க வாய்ப்பு இருப்பது இதில்தான். மாடுலர் கம்பெனி தொழிற்சாலையில் வெட்டி வந்து சில நாளில் மாட்டிவிடும். வீட்டில் தூசி, சத்தம் குறைவு. சுவர் கோணலாக இருந்தால் இடைவெளி தெரியும்.

ஆளை எடுக்கும் முன் அவர் செய்த ஒரு வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். புத்தம் புதிய வேலையைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. இரண்டு மழைக்காலம் தாண்டியதைக் காட்டச் சொல்லுங்கள். டிராயரை இழுத்துப் பாருங்கள், விளிம்பில் லேமினேட் கிளம்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

சதுர அடிக் கணக்கில்தான் சிக்கல்

6 அடி அகலம், 7 அடி உயரம் என்றால் முன்பக்கம் 42 சதுர அடி. மேலே 2 அடி லாஃப்ட் இருந்தால் இன்னும் 12. ஆக 54. ஒருவர் சதுர அடிக்கு 100 ரூபாய் குறைத்துச் சொன்னால் மிச்சம் 5,400 ரூபாய் என்று மனசு கணக்குப் போடும். ஆனால் அவர் டிராயர், கைப்பிடி, பூட்டு, கண்ணாடி, உள் லேமினேட் எல்லாவற்றையும் "எக்ஸ்ட்ரா" என்று வைத்திருக்கலாம். ஜிஎஸ்டி சேர்ந்த விலையா, தனியா? மூன்று பேரிடம் ஒரே படத்தைக் கொடுத்து, எல்லாம் சேர்த்த மொத்தத் தொகை கேட்டால்தான் ஒப்பிட முடியும்.

கூலி முறையில் ஷீட் கணக்கை நீங்களே போடலாம். அதே 6-க்கு 7 வார்ட்ரோப்பை 3 அடி அகலமுள்ள இரண்டு பெட்டிகளாகச் செய்தால், 8-க்கு 4 ஷீட்டில் கதவுகளுக்கு 2, பக்கவாட்டுக்கு 2, மேல் கீழுக்கு 1, ஆறு தட்டுகளுக்கு ஒன்றரை. பின்பக்கத்துக்கு 6 எம்எம் ஷீட் 2. லாஃப்ட் தவிர 18 எம்எம் ஷீட் ஏழில் முடிய வேண்டிய வேலை இது. பத்துக்கு மேல் லிஸ்ட் வந்தால் எதற்கு என்று கேளுங்கள். தட்டின் அகலத்தை 3 அடிக்கு மேல் விடாதீர்கள், நடுவில் தொங்கிவிடும்.

கையில் பணம் குறைவா?

சிமென்ட் ஸ்லாப் அல்லது கடப்பா கல் தட்டு ஏற்கெனவே சுவரில் இருந்தால் அதை இடிக்க வேண்டாம். ஃப்ரேமும் கதவும் மட்டும் போட்டாலே வார்ட்ரோப்தான். கரையான் கல்லைத் தின்னாது. ஆழம் குறைவாக இருந்தால் மடித்து வைக்கும் துணிகளுக்குப் பயன்படுத்தலாம்.

பணத்தை எப்படிக் கொடுப்பது?

மொத்தத்தையும் வேலைக்கு ஏற்பப் பிரியுங்கள். பலகை வந்து இறங்கியதும் ஒரு பகுதி, பெட்டி நின்றதும் ஒரு பகுதி, கதவு மாட்டியதும் ஒரு பகுதி. கடைசித் தவணையை எல்லாக் கதவும் டிராயரும் சரியாக மூடித் திறக்கும் வரை வைத்திருங்கள். பலகையின் பெயர், கனம், ஐஎஸ் எண், கீல் பிராண்ட், முடிக்கும் தேதி, வாரன்டி ஆகியவற்றை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். குறைந்தபட்சம் வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். பணத்தை யுபிஐயில் அனுப்பினால் ஆதாரம் தானாக நிற்கும். அதற்காக, தினசரி சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கைக்காசு கேட்கும் ஆசாரியிடம் கெடுபிடி காட்ட வேண்டியதில்லை. கொடுத்ததைக் கணக்கில் எழுதிக்கொண்டால் போதும்.

ஏமாந்துவிட்டால்?

அட்வான்ஸ் வாங்கிவிட்டு வராவிட்டாலோ, சொன்ன பலகை போடாவிட்டாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. பிரச்னை எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். பில், வாட்ஸ்அப் உரையாடல், யுபிஐ ரசீது, வேலையின் போட்டோக்கள் ஆகியவற்றை அதுவரை போனில் இருந்து அழித்துவிடாதீர்கள்.