திமிலைக் கடந்த தளபதி

யுத்தகால விமானி என்றதும் நம் மனக்கண்ணில் எழுகிறவன், பகைவனோடு ஆகாயத்தில் பொருதும் வீரனே. மாவு மூட்டையையும் பெட்ரோல் பீப்பாயையும் ஏற்றிக்கொண்டு போய், இறக்கிவிட்டுத் திரும்பி, மறுபடியும் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறவனை நினைப்பார் இல்லை. அந்தப் பணியையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டு, அதற்கு ஒரு சாஸ்திரத்தின் அந்தஸ்தைத் தேடித் தந்தவர் அமெரிக்க விமானப்படைத் தளபதி வில்லியம் டன்னர்.

1906-ல் நியூ ஜெர்ஸியில் பிறந்து, 1928-ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கலாசாலையில் தேறி, ஆலைகளிலிருந்து புது விமானங்களைப் படைத்தளங்களுக்கு ஓட்டிச் சேர்க்கும் பிரிவை நடத்திப் பெயர் பெற்ற அவர், 1944 செப்டம்பரில் இந்தியா–சீனா பிரிவின் தலைமையை ஏற்றார். பர்மா ஜப்பானியர் வசமாகித் தரைவழி அடைபட்டுவிட்டபடியால், அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்த சாபுவா முதலிய விமானத்தளங்களிலிருந்து, மலைத்தொடர்களைத் தாண்டிச் சீனத்துக் குன்மிங் நகருக்குச் சாமான்கள் பறந்தே போக வேண்டியிருந்தது. அம்மலைகளுக்கு விமானிகள் இட்ட பெயர் திமில். நொறுங்கி விழுந்த விமானங்களின் தகடுகள் சிதறிக் கிடந்த அத்தடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அலுமினியப் பாதை.

இத்தனை நாசத்துக்கும் மலையையும் மேகத்தையும் நொந்துகொள்வது எளிது. டன்னரோ மனிதர் வகுத்த விதிகளை ஆராய்ந்தார். 650 மணி நேரம் பறந்து முடித்தவன் தாயகம் திரும்பலாம் என்றிருந்தபடியால், வீட்டு ஏக்கம் கொண்ட இளைஞர்கள் ஓய்வைத் துறந்து பறந்து, களைத்த கண்களோடு சிகரங்களை எதிர்கொண்டு வந்தார்கள். அவர் அவ்வரம்பை 750 மணியாக உயர்த்தியதோடு, ஓராண்டு நிறையாமல் எவனும் திரும்பலாகாது என்றும் உத்தரவிட்டார். ஆலையில் பண்டம் உருவாகும் வரிசையைப் போலவே விமானமும் நிலைக்கு நிலை நகர்ந்து பழுது நீங்கி வரும் ஏற்பாட்டைச் செய்தார். தம்மை நேசிக்கும்படி படையினரை அவர் கேட்டதில்லை. அவர்கள் உயிரோடு வீடு சேர வேண்டும் என்பதே அவர் கவலை, அதனினும் மேலான அன்பு எது என்று எனக்குத் தெரியவில்லை. 1945 ஆகஸ்ட் 1-ம் தேதி ஒரே நாளில் 1,118 பயணங்களில் 5,327 டன் திமிலைத் தாண்டிப் போயிற்று. ஓர் உயிரும் பலியாகவில்லை.

1948 ஜூனில் ரஷ்யர்கள் மேற்கு பெர்லினுக்குச் செல்லும் சாலை, ரயில், கால்வாய் அனைத்தையும் அடைத்து, இருபது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைத் தனிமைப்படுத்தியபோது, அவர்களுக்குச் சரக்கு கொண்டுபோகும் விமானங்கள் உற்சாகமாகப் பறக்கத்தான் செய்தன, ஒழுங்குதான் குறைவாயிருந்தது. ஜூலை இறுதியில் டன்னர் வந்து பொறுப்பேற்றார்.

ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. பெர்லின்வாசியான முதியவர் ஒருவர் நன்றியறிதலாக அளித்த தங்கக் கடிகாரத்தைச் சிறந்த விமானிக்குச் சூட்டும் விழாவுக்காக டன்னரும் பறந்து வந்துகொண்டிருந்தார். டெம்பெல்ஹாஃப் நிலையத்தின்மேல் மேகம் கூரைகளைத் தொடுமளவு இறங்கி, கனமழையில் ரேடாரும் மங்கிவிட்டது. ஒரு விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடித் தீப்பற்றியது. பின்வந்தது, அதன்மேல் மோதாதிருக்கப் பிரேக்கை அழுத்தியதில் டயர்கள் வெடித்தன. மேலே மேகத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விமானங்கள் கண் தெரியாமல் வட்டமிட்டுக்கொண்டிருக்க, டன்னர் வானொலியில் குறுக்கிட்டு, தம் விமானம் தவிர அத்தனையையும் சரக்கோடு திருப்பி அனுப்பச் சொன்னார். தரையிறங்கியபின் அவர் வகுத்த நியமம் இது: வானம் தெளிந்திருந்தாலும் கருவிகளை நம்பியே பறக்க வேண்டும், முதல் முயற்சியில் இறங்க முடியாதவன் மறு முயற்சி செய்யாமல், வந்த சரக்கோடு ஊர் திரும்ப வேண்டும். பத்து டன் நிலக்கரி வீணே திரும்புவதைச் சகிக்கும் மனோதிடம் உள்ளவனாலேயே மூன்று நிமிஷத்துக்கு ஒரு விமானத்தை இறக்க முடியும்.

1949 ஏப்ரலில், ஈஸ்டர் பண்டிகையை ஒட்டிய 24 மணி நேரத்தில், 1,398 பயணங்களில் 12,941 டன் நிலக்கரி பெர்லினில் வந்து இறங்கியது. மே 12-ம் தேதி முற்றுகை நீங்கிற்று.

பிறகு கொரிய யுத்தத்தில், பனிமலையில் வழியடைபட்ட சேனைக்கு உடைந்த பாலத்துக்கு மாற்றுப் பகுதிகளையே பாராசூட்டில் இறக்கிக் கொடுத்தது அவருடைய பிரிவு. 1960-ல் ஓய்வு பெற்று, நான்காண்டுக்குப் பின் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டபோது, உலகப் புகழ் தந்த பெர்லினை விடுத்து, அஸ்ஸாமில் விமானிகள் இட்ட அந்தத் திமில் என்ற பெயரையே அதன் தலைப்பில் வைத்துக்கொண்டார்.