ஏரியைத் தூர்வாரினால் பறவை வராதா? ஊசுட்டேரி சொல்லும் கணக்கு!

வில்லியனூர் பக்கத்தில் உள்ள ஊசுட்டேரிதான் புதுச்சேரியின் மிகப்பெரிய ஏரி. பரப்பு சுமார் 800 ஹெக்டேர். ஏறக்குறைய பாதி தமிழ்நாட்டு எல்லைக்குள் வருது. புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008-ல் சரணாலயமாக அறிவித்தது.

தூர்வாரினால் நல்லதுதானே? தண்ணீர் கூடும், விவசாயத்துக்கு லாபம். ஆனா ஏரி முழுக்க ஒரே ஆழமா தோண்டினால் சிக்கல். கொக்கு, நாரை, உள்ளான் எல்லாம் நின்னுதான் இரை தேடும். அதுங்களுக்கு ஓரத்து ஆழமில்லாத தண்ணீரும் சேறும் வேணும்.

அப்போ ஒப்பந்த வேலை எப்படி நடக்கணும்?

● நடுவில் ஆழம், ஓரத்தில் மெல்லிய சரிவு.
● எடுத்த மண்ணில் திட்டு அமைத்து மரம் நட்டால், கூடு கட்ட இடம்.
● வலசைப் பறவைகள் தங்கும் குளிர்காலத்தில் இயந்திரம் இறக்கக்கூடாது, கோடையே சரி.

பாகூர் ஏரிக்கும் இதே கணக்குதான். எத்தனை கனமீட்டர் மண் எடுக்கணும்னு மட்டும் டெண்டரில் எழுதினா போதாது. எங்கே தோண்டக்கூடாதுன்னும் எழுதணும்.