மலையும் ஆணையும்: ஃபூஜியன் கடலோர வரலாறு குறித்து ஒரு மறுவாசிப்பு

சீனத்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள ஃபூஜியன் மாகாணம் கடலோடிகளின் நாடானது ஏன் என்று கேட்டால், பெரும்பாலோர் மலையைக் காட்டுவர். மேற்கே வூயி மலைத்தொடர் உள்நாட்டை மறித்து நிற்கிறது. மின், ஜின், ஜியூலோங் ஆறுகள் யாங்சி வடிநிலத்தோடு சேராமல் தனித்தனியே கடலை அடைகின்றன. விளைநிலமோ சொற்பம். நிலம் போதாத மக்கள் கடலில் இறங்கினர் என்பது இவ்விளக்கத்தின் சாரம். இதில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மை. மலை அன்றும் இன்றும் அப்படியே இருக்க, மாகாணத்தின் கடல் வாழ்வு பலமுறை ஓங்கியும் ஒடுங்கியும் வந்திருக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தை நிர்ணயித்தது அரசாணையே என்பது என் வாதம்.

முதலில் நிலப் பற்றாக்குறையையே எடுத்துக்கொள்வோம். மாகாணத்தின் உட்பகுதியிலுள்ள ஜியன்யாங்கிலும் மலைதான், நிலக் குறைவுதான். அங்குள்ளோர் கப்பல் கட்டவில்லை. தேயிலை பயிரிட்டனர், சொங் காலத்தில் மரப்பலகை அச்சில் நூல்களைப் பெருமளவில் அடித்து விற்றனர். கடலோரத்திலோ வணிகம் செழித்தபின் கரும்பும் லிச்சியும் நெல்வயல்களைப் பிடித்துக்கொண்டன. அரிசி கடல்வழியே வந்தது. ஆகவே பற்றாக்குறை வணிகத்துக்குக் காரணமானது போலவே, வணிகமும் பற்றாக்குறையைப் பெருக்கியது. காரணமும் விளைவும் இங்கே இடம் மாறிக்கொள்கின்றன.

ஃபூஜியன் துறைமுகமான சுவான்சோவின் எழுச்சி அரசாணையின் பங்கைத் தெளிவாக்குகிறது. 1087இல் சொங் அரசு அங்கே கடல் வணிக அலுவலகம் நிறுவியபின், அதுவரை குவாங்சோ வழியே பதிவுபெற வேண்டியிருந்த கப்பல்கள் நேரே வந்து செல்ல முடிந்தது. அதற்கு முன்பே, 1059இல், ஆளுநர் ட்சாய் சியாங்கின் மேற்பார்வையில் லுவோயாங் பாலம் முடிந்திருந்தது.  இத்துறைமுகத்தில் தமிழ் வணிகர் நிறுவிய சிவன் கோயிலின் 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டு நமக்கு மிக நெருக்கமான சான்று. சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலிய அரசரான கானின் ஆணைபெற்று, அவ்வரசரின் உடல்நலம் வேண்டித் திருக்கானீச்சரமுடையாரை எழுந்தருளச் செய்ததை அது சொல்கிறது. கடல் கடந்து வந்தவர்கள் யாருடைய அனுமதியில் காலூன்றினர் என்பதை அவர்களே கல்லில் பொறித்திருக்கிறார்கள்.

மிங் அரசு 1371இல் தனியார் கடற்பயணத்தைத் தடைசெய்தது. இங்கே ஒரு மறுப்பு எழும்: பதினாறாம் நூற்றாண்டில் தடையை மீறிக் கள்ளக்கடத்தல் பெருகியதே, அது மலையின் வலிமையைத் தானே காட்டுகிறது? அழுத்தம் மலையிலிருந்து வந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வணிகம் சுவான்சோவின் பழைய துறைக்குத் திரும்பவில்லை; அரசின் கண்ணுக்கு எட்டாத தீவுகளிலும் ஜியூலோங் ஆற்றுத்துறையான யூவேகாங்கிலும் ஒதுங்கியது. 1567இல் யூவேகாங்கையே அரசு சட்டபூர்வமாகத் திறந்ததும் லூசோன் தீவு வழியே வந்த வெள்ளி அங்கு குவிந்தது. ஜின் ஆற்றின் வண்டலே சுவான்சோவைச் சாய்த்தது என்பாரும் உளர். வண்டல் துறைமுகத்தைக் கெடுத்தது மெய். ஆயினும் யூவேகாங்கும் ஆழமற்ற ஆற்றுத்துறைதான். பெரிய கப்பல்களைச் சிறு படகுகள் இழுத்துத்தான் கடலுக்குக் கொண்டுசென்றன. அது செழித்ததெனில், வண்டலை மட்டும் குற்றஞ்சாட்டுவது பொருந்தாது.

இவை எல்லாவற்றிலும் கொடியது 1661இல் சிங் அரசு பிறப்பித்த ஆணை. சிங்கை எதிர்த்த மிங் விசுவாசி செங் செங்கோங்கின் கடற்படைக்கு உணவும் ஆளும் கிடைக்காதிருக்க, கரையோர ஊர்கள் காலிசெய்யப்பட்டு மக்கள் உள்நாட்டுக்கு விரட்டப்பட்டனர். மீன்பிடித்தலும் உப்புக் காய்ச்சுதலும் நின்று குடும்பங்கள் சிதறின. 1683இல் செங் குடும்பத்தார் வசமிருந்த தைவான் வீழ்ந்தபின்பே கரை மீண்டும் திறந்தது. அடுத்த ஆண்டே சியாமெனில் சுங்கச்சாவடி வந்தது. அந்த நகரம் பெருந்துறையாக வளர்ந்தது அதன் பிறகுதான். ஃபூஜியன் மக்கள் கடலை நாடியதற்கு மலை ஒரு காரணம். எந்தத் துறை எப்போது வாழும், எது மாளும் என்பதைத் தீர்மானித்தது அரசு.